கறுப்பின வைத்தியர்களும் ‘கோட்டா’ என்ற குற்றச்சாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில் வெளியான ஒரு கடிதம் தொடர்பாக இதை எழுதுகிறேன். பல்கலைக்கழக அனுமதியின்போது விண்ணப்பதாரரின் இனத்தைக் கருத்திற்கொள்வது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் அளித்த தீர்ப்பை அக்கடிதம் பாராட்டியிருந்தது. பாராட்டுவதில் எனக்குக் குறையில்லை. ஒரு தீர்ப்பை ஆதரிக்கவும் கண்டிக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கலிபோர்னியாவில் வாழும் தமது சகோதரியாருக்குச் சிறுநீரகச் சிகிச்சை அளிக்க ஒரு கறுப்பின வைத்தியர் வந்தபோது குடும்பத்தார் வேறொருவரைக் கேட்டு மாற்றிக்கொண்டார்கள் என்றும், “கோட்டாவில் வந்தவர்களிடம்” உயிரை ஒப்படைக்க முடியாதென்றும், பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தலால் அடிபட்ட நம் சமூகத்துக்கு இது மற்றெவரையும்விட நன்றாக விளங்குமென்றும் அவர் சேர்த்து எழுதியிருந்தார். கொழும்பில் மருத்துவம் கற்று, இங்கும் சில காலம் இங்கிலாந்திலும் பணியாற்றி, மருத்துவபீட மாணவருக்குப் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இவற்றைப் பதிலின்றி விடுவது சரியாகாது என்று கருதுகிறேன்.

முதலில் கோட்டாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் இன்ன இனத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கிவைப்பது 1978 ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. அந்த வழக்கே ஒரு மருத்துவக் கல்லூரியைப் பற்றியதுதான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி தனது 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்ததை எதிர்த்து அலன் பாக்கி என்ற வெள்ளையின விண்ணப்பதாரர் வழக்குத் தொடுத்தார். எண்ணிக்கை குறித்து ஒதுக்குவது கூடாது, பல அம்சங்களுள் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. 2023 இல் எடுத்துவிடப்பட்டது இந்த இரண்டாவது அனுமதிதான். கலிபோர்னியாவின் அரச பல்கலைக்கழகங்களுக்கோ அதுகூட நெடுங்காலமாக இல்லை. 1996 இல் அம்மாநில வாக்காளர்கள் ‘முன்மொழிவு 209’ மூலம் அதை நிறுத்திவிட்டார்கள். எந்த வழியால் உள்ளே போனவராயினும், அந்த நாட்டில் வைத்தியராக வெளியே வருவதற்கு எல்லோரும் தேற வேண்டியது ஒரே உரிமப் பரீட்சையின் மூன்று கட்டங்களைத்தான். அத்துடன் பொது மருத்துவத்தில் ரெசிடென்சி எனப்படும் பட்டப்பின் வைத்தியசாலைப் பயிற்சி மூன்று ஆண்டு, சிறுநீரக மருத்துவராக வேண்டுமானால் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் மறுபடி பரீட்சை. இவ்வளவையும் கடந்து வந்த ஒருவரை, அவர் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பதற்குள் குடும்பத்தார் எடைபோட்டு முடித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியின் வாசல் யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைக்கப்பட்டிருந்தது என்ற வரலாற்றில் யாழ்ப்பாணத்தவருக்கும் ஒரு சிறு பங்குண்டு என்பதை நம்மவர் பலர் கவனித்ததில்லை. மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டே தமிழ் இளைஞருக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னாளில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே கற்பித்தார். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை இன்றும் இருக்கிறது. அவர் இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த 1850 இல், அவருடைய சொந்த மாநிலத்து ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி மூன்று கறுப்பின மாணவரை அனுமதித்தது. வெள்ளையின மாணவர் சிலர் மனுக் கொடுத்தார்கள். அந்தத் தவணையுடன் அம்மூவரின் படிப்பும் அங்கே முடிந்தது. அவர்களுள் ஒருவரான மார்ட்டின் டிலேனி பின்னர் எழுத்தாளராகவும் அரசியல் சிந்தனையாளராகவும் புகழ்பெற்றார். அதற்கும் முன்பு, தன் நாட்டுக் கல்லூரிகள் ஏற்க மறுத்ததால் ஜேம்ஸ் மக்கியூன் ஸ்மித் கப்பலேறி ஸ்கொட்லாந்து சென்று, 1837 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று நியூயோர்க் திரும்பினார். மருத்துவப் பட்டம் பெற்ற முதலாவது ஆபிரிக்க அமெரிக்கர் அவரே. நம்முடைய பாட்டன்மாருக்கு அமெரிக்கர் கடல் கடந்து வந்து கொடுத்த கல்வியைத் தம் அயலில் இருந்தவருக்குக் கொடுக்கவில்லை.

அடிமை முறை ஒழிந்த பின்னர் ஹவார்ட், மெஹாரி முதலிய கறுப்பினத்தவருக்கான மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. 1910 இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் மருத்துவக் கல்வி பற்றி எழுதிய அறிக்கையை மருத்துவம் படித்த எவரும் அறிவர். நவீன மருத்துவக் கல்வியின் அத்திவாரமென்று எங்களுக்கும் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். அந்த அறிக்கையில் கறுப்பினத்தவரின் மருத்துவக் கல்வி பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் இருப்பதையோ, அப்போதிருந்த ஏழு கறுப்பினக் கல்லூரிகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமென்று அவர் எழுதியதையோ, கறுப்பின வைத்தியரின் வேலை தம் இனத்தவரிடையே சுகாதாரத்தைப் பேணுவதே என்று அவர் கருதியதையோ யாரும் சொல்லித் தரவில்லை. 1923 க்குள் மற்ற ஐந்தும் மூடப்பட்டன. தரம் குறைந்த கல்லூரிகள் வெள்ளையினத்தவரிடையேயும் ஏராளமாக மூடப்பட்டன என்பது உண்மை. ஆனால் அங்கே மாணவர் போவதற்கு வேறு கல்லூரிகள் இருந்தன. அந்த ஐந்தும் நீடித்திருந்தால் 2019 க்குள் ஏறத்தாழ 35,000 பேர் கூடுதலாகப் பட்டம் பெற்றிருக்கலாம் என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பட்டம் பெற்றவருக்கும் வழி எளிதாக இருக்கவில்லை. அமெரிக்க மருத்துவ சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாததால் 1895 இல் தேசிய மருத்துவ சங்கம் என்று தமக்கென ஒன்றை அமைத்தார்கள். அமெரிக்க மருத்துவ சங்கம் இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது 2008 இல். அரச பணம் பெற்ற வைத்தியசாலைகள் கறுப்பின வைத்தியரையும் நோயாளரையும் ஒதுக்கக் கூடாதென்ற மேன்முறையீட்டுத் தீர்ப்பு வட கரோலினாவிலிருந்து வந்த வழக்கொன்றில் 1963 இல்தான் கிடைத்தது. கடித ஆசிரியர் குறிப்பிடும் ‘தகுதி’ இந்த நூற்றிருபது ஆண்டுகளில் எந்த அரியணையில் இருந்தது என்று தெரியவில்லை.

இன்று அமெரிக்க மக்கள்தொகையில் 13 சதவீதத்துக்கும் மேலாக உள்ள கறுப்பினத்தவர் வைத்தியர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. மருத்துவக் கல்லூரிகளின் முழுநேர ஆசிரியரில் ஏறத்தாழ 4 சதவீதம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2015 இல் வெளியிட்ட அறிக்கை ஒரு விசித்திரத்தைச் சுட்டியது: 1978 இல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்த கறுப்பின ஆண்கள் 1,410 பேர், 2014 இல் 1,337 பேர். சலுகை வெள்ளமாகப் பாய்ந்ததாகச் சொல்லப்படும் காலம் இதுதான்.

ஆனால் என் கடிதத்தின் நோக்கம் வாசலைப் பற்றியதல்ல. அனுமதி கிடைத்து உள்ளே போன பிறகு நடப்பதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவப் பயிற்சி என்பது எழுத்துப் பரீட்சையால் மட்டும் நடப்பதன்று என்பது வெளியிலிருப்போருக்கு அவ்வளவாகத் தெரியாது. மூன்றாம் ஆண்டு தொடக்கம் மாணவர் வாட்டில், அதாவது வைத்தியசாலையின் நோயாளர் விடுதியில், நிற்கிறார். மூத்த வைத்தியர் அவரைப் பார்க்கிறார். அவர் எப்படி நோயாளியிடம் பேசினார், கேள்விக்கு எவ்வளவு தயக்கமின்றிப் பதில் சொன்னார், குழுவில் எப்படிப் பொருந்தினார் என்று தம் மனதுக்குப் பட்டதைப் புள்ளியாகவும் இரண்டு மூன்று வரிகளாகவும் எழுதுகிறார். அந்த வரிகள்தாம் அடுத்த இடத்துக்குப் போகின்றன. எழுதுபவருக்குத் தம் மனச்சாய்வு தெரிய வேண்டுமென்பதில்லை; பெரும்பாலும் தெரிவதுமில்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் தம் சொந்தக் கல்லூரியின் பதிவுகளையே எடுத்து ஆராய்ந்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. மருத்துவத்தில் குறைவாக இடம்பெற்றுள்ள சமூகங்களின் மாணவருக்கும் ஏனையோருக்கும் வாட்டுப் பயிற்சிப் புள்ளிகளில் இருந்த வேறுபாடு மிகச் சிறியது. அந்தச் சிறு வேறுபாடு ‘சிறப்புத் தேர்ச்சி’ என்ற எல்லைக்கோட்டைத் தாண்டும் இடத்தில் இரு மடங்காகியது. ஏனைய மாணவர் பெற்ற சிறப்புத் தேர்ச்சிகளில் ஏறத்தாழ அரைவாசியே இவர்களுக்குக் கிடைத்தது. அந்தத் தேர்ச்சிகளை வைத்து ‘ஆல்பா ஒமேகா ஆல்பா’ என்னும் மாணவர் கௌரவச் சங்கத்துக்குத் தெரிவு செய்தபோது அது மூன்று மடங்காகியது. அந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்பது ரெசிடென்சிக்கு ஆள் எடுக்கும்போது, குறிப்பாகப் போட்டி மிகுந்த சத்திரசிகிச்சைத் துறைகளில், பெரிதாக மதிக்கப்படும். 2017 இல் நாடளாவிய விண்ணப்பங்களைக் கொண்டு செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு, பரீட்சைப் புள்ளி, ஆராய்ச்சி, சமூக சேவை ஆகியவற்றைச் சமப்படுத்திப் பார்த்த பின்பும், அந்தச் சங்கத்தில் இடம்பெறும் வாய்ப்பு வெள்ளையின மாணவருக்குக் கறுப்பின மாணவரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று கண்டது. இதைக் கண்டபின் நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 2018 இல் மாணவரை அச்சங்கத்துக்குத் தெரிவு செய்வதையே நிறுத்தியது. ரெசிடென்சியிலும் இதே கதைதான். பயிற்சியிலிருப்போரில் ஏறத்தாழ 5 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர், பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டோரில் ஏறத்தாழ 20 சதவீதமாக இருந்தார்கள் என்று பயிற்சிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டுத் தரவுகள் கூறின. நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு, நான்கு ஆண்டு மருத்துவம், தலைக்கு மேல் கடன், அதன்பின் இடைநடுவில் வெளியேற்றம்.

இங்கிலாந்தில் நான் பணியாற்றிய ஒரு வைத்தியசாலையில் என்னுடன் இருந்த ரெஜிஸ்ட்ரார் (நிபுணத்துவப் பயிற்சியிலுள்ள வைத்தியர்) ஒருவர் ஜமைக்காப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து அங்கேயே படித்தவர். நாங்கள் இருவரும் கட்டிலருகில் போய் நின்றால், ஆங்கிலம் இன்னும் நாவில் படியாத என்னைப் பார்த்துத்தான் நோயாளி “டொக்டர்” என்பார். அவரிடம் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவார். தெற்காசிய முகமென்றால் வைத்தியராக இருக்கக்கூடும் என்ற பழக்கம் அங்கே அப்போதே ஏற்பட்டிருந்தது. நான் பேசாமலிருந்தால் அடக்கமானவன் என்று மேலதிகாரி எழுதினார். அவர் பேசாமலிருந்தால் அக்கறையற்றவர், பேசினால் முரடர். இத்தகைய சின்னச் சின்னச் சிறுமைப்படுத்தல்களை 1970 இலேயே ஆராய்ந்து ‘மைக்ரோஅக்ரெஷன்’ என்று பெயரிட்டவர் ஹார்வர்டில் பணியாற்றிய கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ். நிறத்தால் அடுக்கப்பட்ட ஏணியில் நடுப்படியில் நிற்கும் நாம், மேலே பார்த்து முறையிடும் அளவுக்குக் கீழே பார்ப்பதில்லை. நடுப்படியும் அவ்வளவு உறுதியானதன்று: 1993 இல் அனீஸ் எஸ்மெயில், சாம் எவரிங்டன் என்னும் இரு வைத்தியர்கள் ஒரே தகைமைகளை ஆங்கிலப் பெயரிலும் ஆசியப் பெயரிலும் எழுதிப் பிரித்தானிய வைத்தியசாலைகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தபோது, ஆங்கிலப் பெயர்களுக்கு இரு மடங்கு நேர்முக அழைப்புக் கிடைத்தது. அந்த ஆய்வுக்காக அவர்கள் இருவரையும் பொலிஸார் கைதுசெய்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

பயிற்சியை முடித்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்பவருக்கு வேறு வகையான இடர் காத்திருக்கிறது. அமெரிக்காவில் ஆராய்ச்சியாளரின் வாழ்வும் பதவி உயர்வும் தேசிய சுகாதார நிறுவகங்களின் நிதியிலேயே தங்கியுள்ளன. கல்வித் தகைமை, வெளியீடுகள் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின விண்ணப்பதாரருக்கு அந்த நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு என்று 2011 இல் ஓர் ஆய்வு வெளியானது. 2019 இல் நடந்த தொடராய்வு அதற்கான காரணங்களில் ஒன்றைக் கண்டறிந்தது: கறுப்பின ஆராய்ச்சியாளர் பலர் தேர்ந்தெடுக்கும் தலைப்புகள் சமூகத்தின் சுகாதாரம், மக்களிடையே உள்ள நோய் ஏற்றத்தாழ்வு ஆகியவை பற்றியவை, அத்தகைய தலைப்புகளுக்கே நிதி குறைவாகக் கிடைக்கிறது. இத்துடன், கல்லூரியில் இருக்கும் ஒரே ஒரு கறுப்பினப் பேராசிரியரை எல்லாக் குழுக்களிலும் போடுவார்கள். மாணவர் அனுமதிக் குழு, சமத்துவக் குழு, சமூகத் தொடர்புக் குழு என்று அமர்ந்து, துயரத்தோடு கதவைத் தட்டும் ஒவ்வொரு கறுப்பின மாணவருக்கும் ஆறுதலும் சொல்லி, மாலையில் அவர் ஆய்வுகூடத்துக்குத் திரும்பும்போது வெள்ளையினச் சகா ஒரு கட்டுரையை எழுதி முடித்திருப்பார். பதவி உயர்வுக்குக் கட்டுரைதான் எண்ணப்படும். இதைச் சிறுபான்மையினர் செலுத்தும் வரி என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

அந்த வரியைக் கொழும்பில் யாரும் கேள்விப்படாததல்ல. கொழும்பின் பெரிய வைத்தியசாலை எதிலாவது தமிழ் பேசும் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தவரைக் கேட்டுப் பாருங்கள். ஹட்டனிலிருந்தோ மன்னாரிலிருந்தோ அனுப்பப்பட்ட நோயாளி அயல் வாட்டில் கிடந்தால், நோய் விபரம் கேட்கவும், சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்கவும், மரணச் செய்தியைத் தாயிடம் சொல்லவும் அவரைத்தான் கூப்பிட்டனுப்புவார்கள். தமிழும் அரசகரும மொழியென்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. வாட்டில் அந்த ஏற்பாட்டை நிறைவேற்றுவது இருபத்தாறு வயதுப் பிள்ளையொன்று. தன் வேலையை விட்டுவிட்டுப் போய் அரைமணி நேரம் கழித்து வந்தால், தாமதத்துக்கு ஏச்சு வேறு. அந்த அரைமணி நேரம் எந்தப் படிவத்திலும் இல்லை.

கறுப்பின வைத்தியர்கள் உள்ளே இருந்ததால் மருத்துவத்துக்குக் கிடைத்தது என்ன என்றும் கேட்கலாம். ஓக்லண்ட் நகரில் நடத்தப்பட்ட ஒரு பரிசோதனையில், கறுப்பின வைத்தியரிடம் பேசிய கறுப்பின ஆண்கள் நீரிழிவு, கொழுப்பு முதலிய முன்தடுப்புப் பரிசோதனைகளுக்கு அதிகமாக உடன்பட்டார்கள். சகோதரியாரின் நோய் சிறுநீரகம் என்பதால் மற்றொன்றையும் சொல்கிறேன். இரத்தத்தின் கிரியட்டினின் அளவிலிருந்து சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவரென்றால் விடையை ஏறத்தாழ 1.2 ஆல் பெருக்கும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. அதனால் அவர்களது சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இயங்குவதாகத் தாளில் தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்வது தள்ளிப்போகும். ஒரு மனிதனின் இனத்தை ஏன் பெருக்க வேண்டுமென்று மருத்துவ மாணவரும் இளம் வைத்தியரும், அவர்களுள் கறுப்பினத்தவர் பலரும், பல கல்லூரிகளில் எழுந்து கேட்டார்கள். 2021 இல் அந்தப் பெருக்கல் நீக்கப்பட்டது. பழைய சூத்திரத்தால் காத்திருப்புக் காலத்தை இழந்தவருக்கு அதைத் திருப்பிக் கணக்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் 2023 இல் வந்தது.

ஒக்சிமீற்றரின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. கோவிட் காலத்தில் வெள்ளவத்தையில் விரலில் மாட்டும் அந்தக் கருவி இல்லாத வீடு குறைவு. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இரத்தத்தில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விடுவது வெள்ளையின நோயாளரைவிடக் கறுப்பின நோயாளரில் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதே அதற்கான விளக்கம். நம் பிள்ளைகளின் விரலும் கறுப்புத்தான்.

இனித் தரப்படுத்தல். அந்தக் காயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1970 களின் தொடக்கத்தில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவரிடம் 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவரிடம் 229 புள்ளியும் கேட்கப்பட்டன; அந்த 21 புள்ளிக்குள் ஒரு தலைமுறையே சிக்கி அழிந்தது. ஆட்சி முழுவதையும் கையில் வைத்திருந்த பெரும்பான்மை, சிறுபான்மையின் தலைக்கு மேலே கோலை உயர்த்திய ஏற்பாடு அது. அமெரிக்காவில் நடந்ததோ, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அடிமையாக வைத்திருந்து, அதன்பின் கல்லூரியையும் வைத்தியசாலையையும் அடைத்து வைத்திருந்த ஒரு சிறுபான்மைக்குக் கோலைப் பிடிக்கும்போது அவர்களுடைய நிலையையும் சற்றுக் கருத்திற்கொண்ட ஏற்பாடு. இரண்டையும் ஒன்றென்று சொல்ல எனக்கு வரவில்லை. அதே வேளை, பின்னர் வந்த மாவட்டக் கோட்டாவை நம்மவர் எல்லோரும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை என்பதும் உண்மை. திறமை அடிப்படையில் 40 சதவீதம், மாவட்ட மக்கள்தொகை அடிப்படையில் 55 சதவீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 சதவீதம் என்ற இந்த முறை இல்லாதிருந்தால், முல்லைத்தீவிலிருந்தும் போகவந்தலாவையிலிருந்தும் கொழும்பு மருத்துவ பீடத்துக்கு வந்த பிள்ளைகளில் பலர் வந்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரியில் படித்தவரின் பார்வையும், இரசாயனவியலுக்கு ஆசிரியரே இல்லாத தோட்டத்துப் பாடசாலையில் படித்தவரின் பார்வையும் இதில் ஒன்றாக இருக்க நியாயமில்லை.

அந்தத் தோட்டத்துப் பிள்ளை உள்ளே வந்த பிறகு நடப்பதை நான் கண்டிருக்கிறேன். “நுவரெலியா வெட்டுப்புள்ளி”, அதாவது பின்தங்கிய மாவட்டத்துக்கான குறைந்த அனுமதிப் புள்ளியில் வந்தவர், என்ற சொல்லைச் சிங்கள மாணவர் மட்டும் சொல்வதில்லை. வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்த தமிழ் மாணவர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஐந்தாம் ஆண்டிலும் சொல்வார்கள், அந்தப் பிள்ளை அவர்களைவிட அதிக புள்ளி எடுத்த பின்பும் சொல்வார்கள். தமிழில் உயர்தரம் படித்து, ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, சிங்களத்தில் நோயாளியிடம் பேசி, மீண்டும் ஆங்கிலத்தில் வைத்திய நிபுணருக்கு எடுத்துரைக்க வேண்டிய அப்பிள்ளை வாய்மொழிப் பரீட்சையில் ஒரு கணம் தயங்கினால், அது அறிவின் குறையா மொழியின் குறையா என்று பிரித்துப் பார்க்க எல்லாப் பரீட்சகருக்கும் பொறுமை இருப்பதில்லை. இறுதிப் பரீட்சையின் தகுதி வரிசையே உள்ளகப் பயிற்சிக்கு எந்த வைத்தியசாலை என்பதைத் தீர்மானிக்கிறது. அங்கே கிடைக்கும் வழிகாட்டலும் பழக்கமும் பட்டப்பின் படிப்புக்கு வழிவிடுகின்றன. சான் பிரான்சிஸ்கோ ஆய்வு காட்டிய பெருக்கம் நம்மூரிலும் நடக்க எல்லா வசதியும் இங்கே உண்டு.

ஆகவே மருத்துவபீடங்களிடமும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திடமும் இப்பத்திரிகை வாயிலாக ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகளை மாவட்டவாரியாக நாடே பார்க்கிறது. அதே மாவட்டவாரியாகவும் மொழிமூல வாரியாகவும், உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் எந்த ஆண்டில் தேறினார்கள், யாருக்குச் சிறப்புச் சித்தி கிடைத்தது, யார் படிப்பை விட்டுப் போனார்கள் என்பதையும் பெயரின்றி வெளியிட வேண்டும். எழுத்துத் தாளின் புள்ளியையும் வாய்மொழிப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் வெளிச்சமாகும். வாய்மொழிப் பரீட்சையில் இரு பரீட்சகரும் தமக்குள் பேசிக்கொள்வதற்கு முன்னர் தனித்தனியே புள்ளியை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதை எங்கும் விதிவிலக்கின்றி நடைமுறைப்படுத்த வேண்டும். அமெரிக்காவில் இத்தனை அநீதியை நாம் எண்களோடு அறியக் கூடியதாக இருப்பதற்கு, அங்குள்ள கல்லூரிகள் தம்மைப் பற்றிய கசப்பான கணக்கைத் தாமே எடுத்து வெளியிட்டது காரணம். கறுப்பின ஆசிரியர்கள் தம் பதவி உயர்வையும் பணயம் வைத்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

மொழிபெயர்ப்பு வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. பயிற்சியாளரின் பதிவேட்டில் எத்தனை சத்திரசிகிச்சைக்கு உதவினார் என்று எழுதும் நிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரலைச் சேர்த்து, வேறு வாட்டுக்குப் போய்ச் செய்த மொழிபெயர்ப்பையும் அதற்கு எடுத்த நேரத்தையும் பதிந்து, மதிப்பீட்டின்போது அதைப் பார்த்தால் போதும். வாட்டுக்குப் பொறுப்பான எந்த வைத்திய நிபுணரும் அடுத்த பயிற்சிக் குழு வரும் நாளிலிருந்து, யாருடைய சுற்றறிக்கைக்கும் காத்திராமல், இதைத் தொடங்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவ விரிவுரையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.